வாசல் பார்த்த செருப்பு

மாடிப்படி அதிர்ந்த அதிர்விலேயே சிட்டிபாபுவுக்குத் தெரிந்துவிட்டது, வருவது மேரி சித்திதான் என்று. காந்தி ரோட்டில் தையற்கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்துக்கு ஆட்கள் பம்மிப் பம்மித்தான் வருவார்கள். மாப்பிள்ளைப் பையன் குடிப்பானா, பங்காளி எங்கே போய் வருகிறான் என்று துப்புக் கேட்க யாரும் தடதடவென்று ஏறி வருவதில்லை. மேரி அப்படித்தான் வந்தாள். மகள் பிரவீனாவின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சொல்லுடி. நீயே சொல்லு. நான் வாயத் தொறந்தா நல்ல வார்த்தை வராது."

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வள்ளி, நாற்காலியைக் காட்டினாள். போலீஸில் பதினைந்து வருடம் இருந்து, மேலதிகாரி ஒருவனுடைய பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வேலையை விட்டு வந்தவள். ஊரே பற்றி எரிந்தாலும் முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்கிற சுபாவம். சிட்டிபாபு அதற்கு நேர் எதிர். காலையில் ஏசி மெக்கானிக், மீதி நேரம் வள்ளியின் உதவியாளன், எந்த நேரமும் கோபக்காரன்.

பிரவீனா சொல்ல ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க சிட்டிபாபுவுக்கு ரத்தம் கொதித்தது.

ஓரிக்கையில் அவர்கள் தெருவிலிருந்து கடலுக்குப் போன முதல் பெண் அவள். பாட்டன் பூட்டனெல்லாம் பிறத்தியார் வயலில் குனிந்த முதுகு நிமிராமல் செத்தவர்கள். மேரி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து மகளை ஓட்டல் படிப்புப் படிக்க வைத்தாள். பிரவீனா மத்தியதரைக் கடலில் ஓடும் பெரிய உல்லாசக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். போன மாதம் அந்தக் கப்பலில் காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்று ஏறியது. இதே காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஆதிகேசவன், அவர் மனைவி மரகதம், தம்பி மகன் தினேஷ்.

"மொத நாளே அந்தப் பெரியவரு தமிழ்ல பேசினாருக்கா. எந்த ஊருன்னாரு. காஞ்சிபுரம்னதும் சந்தோசப்பட்டாரு. காஞ்சிபுரத்துல எங்கன்னாரு. ஓரிக்கைன்னேன். ஓரிக்கையில எந்தத் தெருன்னாரு. சொன்னேன். அதோட பேச்சை நிறுத்திக்கினாரு."

"தெரு கேட்டானா!" என்று எழுந்தான் சிட்டிபாபு.

"உட்காரு சிட்டி" என்றாள் வள்ளி. "நீ சொல்லும்மா."

கப்பல் மால்டா தீவில் வலேட்டா என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பகல் நின்றது. தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும் மஞ்சள் கல் கோட்டை. ஊர் முழுக்க அந்தக் கல்தான், தெருவில் நடந்தால் செருப்பெல்லாம் மஞ்சள் பொடி. ஆதிகேசவன் தன் கடையின் பெயரில், சுத்த ஜரிகை போட்ட பட்டுப்புடவை ஒன்றை அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுக்க எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் அருங்காட்சியகத்து அம்மாள் கப்பலுக்கே வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெட்டியைத் திறந்தால் புடவை இல்லை. அறைச் சாவி வைத்திருந்த வெளியாள் பிரவீனா ஒருத்திதான்.

"எங்க ஊர்ப் பொண்ணு, அதோட மதிப்பு அவளுக்குத் தெரியும், அவதான் எடுத்திருப்பான்னு செக்யூரிட்டி கிட்ட சொன்னாரு. என் அலமாரியக் கவுத்தாங்க. என் பைபிளு, உள்பாவாடை, எல்லாத்தையும் கட்டில் மேல கொட்டினாங்க. ஒண்ணும் கிடைக்கல. நான் யார்கிட்டயோ குடுத்தனுப்பிட்டதாச் சொன்னாங்க. அடுத்த துறைமுகத்துல எறக்கி ஊருக்கு அனுப்பிட்டாங்க."

"அவங்க பெட்டியைத் தொறந்து பாத்தாங்களா?"

"பாசஞ்சர் பெட்டியை யாருக்கா தொறப்பாங்க?"

வள்ளி தலையை மட்டும் ஆட்டினாள். சனிக்கிழமைக்குள் ஆதிகேசவன் புகாரை வாபஸ் வாங்காவிட்டால், பிரவீனாவின் பெயர் எல்லாக் கப்பல் கம்பெனிகளுக்கும் போய்விடும் என்று அவளை வேலையில் சேர்த்துவிட்ட சென்னை ஏஜென்ட் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் எந்தக் கப்பலும் அவளை ஏற்றாது. அன்று வியாழக்கிழமை.

"வேலை போனா போவுது" என்று மேரி வெடித்தாள். "ஊர் பூரா சொல்லிக்கினு திரியறான்மா அந்த ஆளு. கோயில்ல சொல்றான், கல்யாண மண்டபத்துல சொல்றான். நேத்து ஆஸ்பத்திரியில ஒரு நர்சு என்னைப் பாத்ததும் கைப்பையை எடுத்து உள்ள வெக்குது. இருவது வருசமா அங்க வேலை செய்றேன்!"

வள்ளி பிரவீனாவைத்தான் பார்த்தாள். "அன்னிக்கு வழக்கத்துக்கு மாறா எதையாவது பாத்தியா? அற்பமா இருந்தாலும் பரவாயில்ல."

பிரவீனா யோசித்தாள். "ஒரு செருப்பு பாத்தேன். மத்தியானம் துண்டு வண்டியத் தள்ளிக்கினு போறேன், அவங்க கேபின் வாசல்ல ஆம்பளைங்க போடற பழுப்புத் தோல் செருப்பு ஒரு ஜோடி. உள்ள வராதீங்கன்னு அட்டை தொங்கிச்சு, அதனால தட்டல. அடியில மஞ்சப் பொடி. கார்ப்பெட் அழுக்காயிடும்னு தொடச்சு அதே மாதிரி வெச்சேன். திரும்பி வரப்போ செருப்பும் இல்ல, அட்டையும் இல்ல. செக்யூரிட்டி கிட்ட சொன்னேன், சிரிச்சாங்க."

"அதே மாதிரின்னா எப்படி? வெச்சுக் காட்டு."

பிரவீனா எழுந்து போய்த் தன் செருப்பை அலுவலக வாசலில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒட்டி, குதிகால் அறைப் பக்கம், விரல் பக்கம் வெளியே.

"தினமும் அவங்க செருப்பை வெளியில விடுவாங்களா?"

"ஒரு நாளும் இல்லக்கா. கட்டில் வரைக்கும் போட்டுக்கினுதான் போவாங்க. அன்னிக்கு மட்டுந்தான்."

"கப்பல்ல ஏற எறங்க கார்டு காட்டணும்ல?" என்று குறுக்கே வந்தான் சிட்டிபாபு. "அதுல தெரியுமே, யார் திரும்பி வந்தாங்கன்னு!"

"மூணு பேருமே வந்தாங்கண்ணா. வெளியில சைவம் கிடைக்காதுன்னு மத்தியானம் கப்பலுக்கு வந்து சாப்பிட்டுட்டு மறுபடி எறங்கினாங்க."

"ஸ்டாஃப்ல யாராவது வெளியில போய் வந்தாங்களா?" என்று கேட்டாள் வள்ளி.

"காலையில யாரையும் விடல. சாயங்காலம் எனக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் பர்மிஷன் குடுத்திருந்தாங்க." பிரவீனா குரல் அப்போதுதான் உடைந்தது. "நாலு தடவை அந்த ஊர்ல நின்னிருக்குது கப்பல். நாலு தடவையும் ஜன்னல்லதான் பாத்தேன். அன்னிக்குத்தான் எறங்கி நடக்கலாம்னு இருந்தேன். அந்த ரெண்டு மணி நேரமும் செக்யூரிட்டி ரூம்ல உக்கார வெச்சுட்டாங்க."

*

ஆதிகேசவன் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. வள்ளி சுற்றி வளைக்கவில்லை. "பிரவீனா விஷயமா வந்திருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வெள்ளை விரிப்பு விரித்த மெத்தை மேடைமேல் பட்டுகள் கிடந்தன. தினேஷ் கைபேசியை நோண்டிக்கொண்டே வந்து, காலில் இருந்த பழுப்புத் தோல் செருப்போடு மேடையில் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

"டேய்!" என்று தெருவாசலில் இருந்து குரல் வந்தது. "செருப்போட ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்றது? பட்டு இருக்கிற எடம்டா அது!"

தினேஷ் சிரித்துக்கொண்டே செருப்பை உதறினான். ஒன்று இங்கே, ஒன்று அங்கே போய் விழுந்தது. சத்தம் போட்டபடி உள்ளே வந்த ஆதிகேசவன் காலிலும் அதே பழுப்புச் செருப்பு. அவர் திரும்பி நின்று அதைக் கழற்றி, குனிந்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்துவிட்டு மேடையேறினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியா?" என்றாள் வள்ளி.

"நேபிள்ஸ்ல பெரியம்மா வாங்கினது" என்றான் தினேஷ். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஆஃபர்."

மூலையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த மரகதம் லேசாகச் சிரித்தாள். ஆதிகேசவனுக்குக் கதை சொல்ல யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"ஊர்ப்பொண்ணுன்னு பாவம் பாத்தேம்மா. பாம்புக்குப் பால் வார்த்த கதையாப் போச்சு. மத்தியானம் நாங்க யாரும் ரூம் பக்கமே போகல. சாப்பிட்டு எழுந்தது ஆளுக்கு ஒரு நேரம். கீழே கப்பல்லேருந்து எறங்கற பாலத்துக்கிட்ட வந்து சேர்ந்துகிட்டோம், மறுபடி ஊருக்குள்ள போனோம். அவ ஒருத்திகிட்டதான் சாவி."

"நீங்களும் ரூமுக்குப் போகலையா தம்பி?"

"நான் போன் பேசிக்கினு இருந்தேன் மேடம். அந்த மியூசியம் லேடிகூடதான் பாதிப் பேச்சு. அன்னிக்குக் காலையில புதுசா ஒண்ணு சொல்லிச்சு. வாங்கறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு இழை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்களாம், அது அவங்க ரூலாம். பெரியப்பாவுக்கு வந்துச்சு பாரு கோவம்!"

"வராதா பின்னே?" என்றார் ஆதிகேசவன். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறதா?"

"வாஸ்தவம்" என்றாள் வள்ளி. "புடவையை நெய்தது யாரு?"

"நமக்குன்னு நெய்யறவங்கதான். ஜரிகை மட்டும் நானே வாங்கிக் குடுத்தேன், கையால தடவிப் பாத்து."

"புகாரை வாபஸ் வாங்க முடியாதா?"

"திருட்டுக்கு வக்காலத்தா?" அவர் எழுந்துவிட்டார். "அந்தத் தெருவைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

சிட்டிபாபுவின் கை முஷ்டியாக மடங்கியது. வள்ளி அவன் முழங்கையைத் தொட்டு, இறங்கலாம் என்று கண்ணைக் காட்டினாள். அவன் இறங்கியபோது ஆதிகேசவன் செருப்பை ஒரு எத்து எத்தலாமா என்று நினைத்தான். செருப்பு என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டான்.

டீக்கடையில் அவன் பொரிந்து தள்ளினான். "தினேஷ்தான்க்கா! செருப்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அந்தப் பையன் எடுத்துக்கினு போய் வெளிநாட்டுக்காரன் எவனுக்கோ தள்ளிட்டிருப்பான். சொந்தப் புடவையைக் கெழவன் எதுக்குத் திருடுவான்?"

"நல்ல கேள்வி" என்றாள் வள்ளி. "கேள்வியை நீயே கேட்டுட்ட. பதிலையும் நீ கண்ணால பாத்துட்ட. மேரிம்மாவையும் பிரவீனாவையும் சாயங்காலம் கடைக்குக் கூட்டிக்கினு வா."

*

வியாபாரம் ஓய்ந்திருந்த வேளை. மேடைக்கு முன்னால் மேரியும் பிரவீனாவும் நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சிட்டிபாபு இரண்டு நாற்காலியை எடுத்துத் தரை அதிரப் போட்டான்.

"இங்கே எதுக்கு இவங்களைக் கூட்டி வந்தே?" என்றார் ஆதிகேசவன்.

"நீங்க ஊர் பூரா கதை சொன்னீங்க. அவங்களும் ஒரு தடவை கேக்கட்டும்னுதான்" என்றாள் வள்ளி. "ஒரு செருப்புலேருந்து ஆரம்பிக்கலாமா?"

பிரவீனா பார்த்த செருப்பைப் பற்றி அவள் நிதானமாகச் சொன்னாள்.

"அடியில மஞ்சப் பொடி. அப்போ அந்தச் செருப்பு ஊருக்குள்ள நடந்துட்டு வந்த செருப்பு. கப்பல் ஆளுங்க யாரும் அன்னிக்குக் காலையில எறங்கல. ஆக, மத்தியானம் உள்ளே வராதேன்னு அட்டை மாட்டிட்டு ரூமுக்குள்ள இருந்தது பயணி. உங்க ரூம், உங்க வீட்டுச் செருப்பு. ஆனா மூணு பேரும் போகலைன்னு சொல்றீங்க. ஒருத்தர் பொய் சொல்றாங்க."

"நான் இல்ல மேடம்!" என்றான் தினேஷ்.

"நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் தம்பி. மத்த நாளெல்லாம் செருப்போடவே கட்டில் வரைக்கும் போனவங்க, அன்னிக்கு மட்டும் ஏன் வெளியில கழட்டணும்? உள்ளே போனது தூங்க இல்ல. பட்டுப்பெட்டியைத் தொறக்க. பட்டுல கை வெக்கறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டாம இருக்க முடியாத ஒரு ஆள்தான் உள்ளே போனாரு. நீங்க செருப்போட மெத்தையிலயே ஏறுறவர். கழட்டினாலும் மூலைக்கு ஒண்ணா உதறுறவர். அந்தச் செருப்பு ஒட்டி வெச்சிருந்துச்சு, விரல் பக்கம் வெளியே பாத்து."

எல்லோருடைய கண்களும் கடை வாசலுக்குப் போயின. அங்கே ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, ஒட்டி, தெருவைப் பார்த்து இருந்தது. தினேஷ் செருப்புகளில் ஒன்று படிக்கட்டில் குப்புறக் கிடந்தது.

"என் புடவையை நானே திருடினேனா?" ஆதிகேசவன் சிரிக்கப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு?"

"தொலைஞ்சு போனாத்தான் உங்க பேரு பொழைக்கும்னா? அந்த அம்மா ஒரு இழை எடுத்துப் பாப்பேன்னது அன்னிக்குக் காலையில. மத்தியானம் நீங்க ரூமுக்குப் போறீங்க. சாயங்காலம் புடவையைக் காணோம். சுத்த ஜரிகையா இருந்தா ஒரு இழை என்ன, ஒரு முழம் எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பீங்க."

"ஆதாரம் எங்கே? புடவை எங்கே? கடல்லயா இருக்குது?"

"வேற ஒருத்தனா இருந்தா கடல்ல வீசியிருப்பான். உங்களால முடியாது. போலின்னு தெரிஞ்ச பட்டைத் தொடவே செருப்பைக் கழட்டினவர் நீங்க. அதைத் தூக்கித் தண்ணியில போட உங்களுக்குக் கை வராது. பொண்டாட்டி புடவைங்களோட புடவையா ஊருக்குக் கொண்டாந்திருப்பீங்க." வள்ளி திரும்பினாள். "மரகதம்மா, ஊர்லேருந்து வந்ததும் பெட்டிங்களை யாரு பிரிச்சது?"

மரகதம் பட்டென்று எழுந்தாள். அவள் மடியில் இருந்த பூச்சரம் கீழே விழுந்தது.

"மரகதம், நீ வீட்டுக்குப் போ" என்றார் ஆதிகேசவன்.

"ஒரு பெட்டியை மட்டும் என்னைத் தொட விடல" என்றாள் அவள். கணவனைப் பார்க்காமல் பேசினாள். "அதுல இருந்த ஒரு கட்டை இங்க உள்ரூம்ல, சாமி படத்துக்குப் பின்னாடி பீரோல வெச்சுப் பூட்டினாரு. ஏதோ வியாபாரச் சமாசாரம்னாரு."

"மரகதம்!"

"இந்தப் பொண்ணு எனக்கு முட்டிவலின்னு தெனம் வெந்நீர் கொண்டாந்து குடுத்துச்சு. நானா கேக்கல. அது பேரை நீங்க ஊர் ஊரா நாறடிக்கறப்போ நானும் பக்கத்துல உக்காந்து ஆமாம் ஆமாம்னு தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

பீரோவின் இன்னொரு சாவி இருந்த கொத்தைத் தன் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு அவள் உள்ளறைக்குப் போனாள். அவர் தடுக்க எழுந்தார். சிட்டிபாபு நடுவில் போய் நின்றான். அவன் ஒன்றும் செய்யவில்லை, நின்றான், அவ்வளவுதான். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மரகதம் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து விரிப்பின்மேல் வைத்துப் பிரித்தாள். அரக்குச் சிவப்பில், கை அகலக் கரையோடு அந்தப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது.

வள்ளி கரையில் ஒரு இழையை ஊசியால் எடுத்து நகத்தால் சுரண்டினாள். "அசல் ஜரிகைன்னா மேலே பூச்சு போனதும் வெள்ளி, அதுக்குள்ளே செவப்புப் பட்டு நூல் தெரியணும். தினேஷ் தம்பி, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தினேஷ் குனிந்து பார்த்தான். உள்ளே இருந்தது வெள்ளை நூல். அவன் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து போய் நின்றுகொண்டான்.

ஆதிகேசவன் மெத்தையில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "மூணு தலைமுறைப் பேரு. மியூசியத்துப் பலகையில கடைப் பேரைப் பொறிச்சு வெக்கறேன்னாங்க. அந்த அம்மா வந்து இழையை எடுத்து, எல்லார் முன்னாடியும் போலின்னு சொன்னா நான் எங்கே போய் நிப்பேன்? யாரையாவது சொல்லித்தானே ஆகணும்?"

"யாரையாவது இல்ல!" சிட்டிபாபு கத்தியே விட்டான். "கப்பல்ல ஆயிரம் பேர் வேலை செய்றான். நீங்க மொத நாளே எந்தத் தெருன்னு கேட்டு வெச்சுக்கினீங்க. அந்தத் தெருன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். கேக்கவும் இல்ல!"

இந்த ஒரு தடவை வள்ளி அவனை உட்காரச் சொல்லவில்லை.

ஆதிகேசவன் இழுத்தாற்போல் சொன்னார். "ஆனது ஆச்சு. பொண்ணுக்கு ஏதாவது செய்யறேன். எவ்வளவுன்னு சொல்லுங்க, பேசி முடிச்சுக்கலாம்."

"போனை எடு" என்றாள் மேரி.

"என்ன?"

"போனை எடுத்து அந்த ஏஜென்ட்டுக்குப் போடு. ஊர் பூரா சொன்ன அதே வாயால சொல்லு. நாங்க கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லு. நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தும் சொல்லு."

அவர் மரகதத்தைப் பார்த்தார். அவள் கைபேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தினேஷ் எண்ணைப் போட்டுக் கொடுத்தான். மறுமுனையில் ஏஜென்ட் இரண்டு தடவை, "என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டதால், புடவை தன்னிடமேதான் இருந்தது, அந்தப் பெண்மேல் குற்றமே இல்லை என்பதை அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஏஜென்ட் வள்ளியிடமும் கேட்டுக்கொண்டு, பிரவீனா திங்கட்கிழமை ஆபீசுக்கு வரட்டும், அடுத்த கப்பலுக்குப் பெயர் போடுகிறேன் என்றான்.

"அந்தக் கப்பல் வலேட்டாவுல நிக்குமா சார்?" என்று பிரவீனா கேட்டாள். நிற்கும் என்றான். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மேரி அழவில்லை. மகளைக் கைபிடித்து எழுப்பி வாசல்வரை போனவள், அங்கே தெருவைப் பார்த்து ஒழுங்காக இருந்த அந்தச் செருப்பைக் கண்டதும் நின்றாள். திரும்பினாள்.

"பொய்ப் பட்டுன்னு தெரிஞ்சும், அது முன்னாடி செருப்பைக் கழட்டி வெச்சல்ல நீ?" என்றாள். "எம் பொண்ணு பேரு மேல ஏறி மிதிச்சப்போ ஏய்யா கழட்டல?"

ஆதிகேசவன் வெள்ளை விரிப்பின்மேல் இருந்த தன் வெறுங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.